டாம் ஹாங்க்ஸின் கதைகளும் டைப்ரைட்டரும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நடிகர் டாம் ஹாங்க்ஸின் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘அன்காமன் டைப்’ இப்போதுதான் படித்து முடித்தேன். 17 கதைகள். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு டைப்ரைட்டர் வந்துவிடுகிறது. சில கதைகள் பிடித்திருந்தன. சிலவற்றில் ‘எங்கே அந்த டைப்ரைட்டர்’ என்று தேடிக்கொண்டே படித்ததில் கதை கைவிட்டுப் போய்விட்டது.

இவர் நடிகர் என்பதால்தானே இந்தக் கதைகளுக்கு இவ்வளவு இடம்? வேறு யாராவது அனுப்பியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார்களா?

ஒரே பொருளை எல்லாக் கதைகளிலும் வைப்பது வெறும் உத்திதானா என்பதும் தெரிய வேண்டும். என் அம்மா தையல் வேலை செய்பவர். தையல் மெஷினை வைத்து 10 கதைகள் எழுதத் திட்டமிட்டு 3 எழுதிவிட்டேன். மகளின் கல்யாண ரவிக்கையை அம்மா விடிய விடியத் தைப்பது அதில் ஒன்று. படித்த நண்பர்கள் ‘மெஷின் கதையோடு ஒட்டவில்லை’ என்கிறார்கள்.

இன்னொன்று. தொகுப்பில் ஒரு பெண் ரிப்பேருக்குக் கொண்டுவரும் டைப்ரைட்டரைக் கடைக்காரர் ‘இது பொம்மை’ என்று தொடவே மறுக்கிறார். வருகிற காசை வேண்டாம் என்பாரா ஒரு மெக்கானிக்? நான் டைப்ரைட்டிங்கில் லோயர் தேர்வு பாஸ் செய்தவன்தான். ஆனால் மெஷினின் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அன்புடன்,
ம., ஈரோடு

*

அன்புள்ள ம.,

பெயர் உதவியது, சந்தேகமே வேண்டாம். தொகுப்பில் உள்ள ‘ஆலன் பீன் பிளஸ் ஃபோர்’ கதை 2014 அக்டோபரில் நியூ யார்க்கர் இதழில் வந்தது. தொகுப்பை நாஃப் நிறுவனம் 2017 அக்டோபரில் வெளியிட்டது. பல வருடம் சிற்றிதழ்களில் எழுதித் தேய்ந்தவர்களுக்கும் கிடைக்காத வாசல் அது. ஆனால் அந்தக் கதையை அதற்காகத் தள்ளிவிட முடியாது. நான்கு நண்பர்கள் வீட்டுப் பின்புறத்தில் விண்கலம் கட்டி நிலவைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். முழு அபத்தம். ஆனால் அபத்தத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்கள் நிலவில் இறங்குவதில்லை. இறங்க வேண்டுமென்றால் தனி இறங்குகலம் வேண்டும், மேலே எழும்ப இன்னொரு எஞ்சின் வேண்டும். சுற்றி வர மட்டும் அதெல்லாம் வேண்டாம். சரியான வேகத்தில் சரியான திசையில் ஒருமுறை உந்திவிட்டால் நிலவின் ஈர்ப்பே கலத்தை வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பிவிடும். 1970இல் சேதமடைந்த அப்போலோ 13 வீடு திரும்பியதும் இந்தப் பாதைக்குத் தன்னை மறுபடி திருத்திக்கொண்டுதான். அந்தப் பயணத்தின் தளபதி ஜிம் லவலாக 1995இல் நடித்தவர் ஹாங்க்ஸ். 1998இல் அப்போலோ பயணங்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரையும் தயாரித்தார். கொல்லைப்புறத்தில் கட்டக்கூடிய ஒரே நிலவுப் பயணம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு நல்ல தேர்வு ஆலன் பீன். 1969 நவம்பரில் அப்போலோ 12இல் போய் நிலவில் நடந்த நான்காவது மனிதர். முதல் இருவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அந்த நான்காம் ஆளின் பெயரைக் கதையின் தலையில் ஏற்றியது ஒரு நடிகரின் செல்வாக்கு செய்த வேலை இல்லை. எழுத்தாளர் செய்தது.

நடிப்புத் தொழில் இவருக்கு எதைத் தந்தது, எதைக் கெடுத்தது என்று பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. ஒரு பாத்திரம் அறைக்குள் வந்ததும் கை என்ன செய்யும், எந்தப் பொருளைத் தொடும், பேச்சை எந்த இடத்தில் விழுங்கும் என்பதெல்லாம் நடிகருக்குப் பழகிய கேள்விகள். அதனால் இந்தத் தொகுப்பில் யாரும் சும்மா நின்று யோசிப்பதில்லை, ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். ‘கிறிஸ்மஸ் ஈவ் 1953’ கதையில் போரில் ஒரு காலை இழந்தவனின் வீட்டு மாலைப்பொழுது வேலை வேலையாகவே நகர்கிறது. போர் பின்னால் மெதுவாக வருகிறது. தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கெடுத்தது என்ன என்றால், தான் நடிக்கும் ஆளை நேசித்தே ஆக வேண்டும் என்ற பழக்கம். கெட்டவனாக நடித்தாலும் அவன் பக்க நியாயத்தைக் கண்டுபிடிக்காமல் நடிக்க முடியாது. மேடையில் அது பலம். 17 கதைகளிலும் எல்லோருமே நல்லவர்களாக, இடறினாலும் யாரோ தாங்கிப் பிடிக்கிறவர்களாக இருந்தால் பத்தாவது கதையில் வாசகர் அசந்துவிடுவார். மணமுறிவு வருகிறது, தகப்பனின் துரோகம் வருகிறது, அகதி வருகிறான். ஆனால் கதாசிரியர் யாரையும் தப்புச் செய்ய அனுமதித்துவிட்டு அப்படியே விட்டுவிடத் துணிவதில்லை. இடையிடையே வரும் நான்கு செய்தித்தாள் பத்திகளும் அப்படித்தான். பத்திரிகைப் பக்கம் போலவே அச்சிட்டிருக்கிறார்கள், பார்க்க அழகு. முதல் பத்தியில் இருக்கும் நகைச்சுவை நான்காவதில் நீர்த்துவிடுகிறது.

‘ஸ்டே வித் அஸ்’ திரைக்கதை வடிவில் இருக்கிறது. படித்தால் சப்பென்று இருக்கும். திரைக்கதையில் வேண்டுமென்றே விடப்படும் இடைவெளிகளை நடிகரின் முகம் நிரப்ப வேண்டும், தாளில் அந்த முகம் இல்லை. ஒலிநூலில் அதையே பல நடிகர்கள் சேர்ந்து பேசியிருக்கிறார்கள். அங்கே உயிர் வந்துவிடுகிறது. அதை மட்டும் கேளுங்கள்.

இனி டைப்ரைட்டர் கடைக்கு வருவோம், உங்கள் மூன்றாவது கேள்வி. அந்தக் கதை ‘தீஸ் ஆர் த மெடிட்டேஷன்ஸ் ஆஃப் மை ஹார்ட்’. ஹாங்க்ஸுக்கே எழுபதுகளின் கடைசியில் கிளீவ்லாந்தில் ஏறக்குறைய இதேபோல் ஒரு கடையில் பாடம் கிடைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் மறுப்பது ஜம்பத்துக்காக அல்ல. வேலை தெரிந்தவர் அப்படித்தான் சொல்வார்.

நீங்கள் ‘ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்’ அடித்துப் பழகியபோது விரலின் கீழே நடந்தது இது. கீயை அழுத்தினால் ஒரு நெம்புகோல் வழியாக எழுத்து பொறித்த டைப் பார் எழும்பி, தாள் சுற்றிய ரோலரில் அடிக்கும். அதே நேரத்தில் ரிப்பனைத் தாங்கும் சட்டம் மேலே ஏறி எழுத்துக்கும் தாளுக்கும் நடுவே ரிப்பனைக் கொண்டுவரும். அடித்து முடிந்ததும் ஒரு பல்சக்கரம் ஒரு பல் மட்டும் விடும். உள்ளே சுருட்டி வைத்த ஸ்பிரிங் ஒரு பட்டையால், ரோலரைத் தாங்கும் கேரேஜை இடப்பக்கம் ஓர் எழுத்து அகலம் இழுக்கும். பைக்கா எழுத்து என்றால் அங்குலத்துக்கு 10, எலைட் என்றால் 12. இந்த அசைவுகளில் பலவற்றைத் திருகால் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய முடிவதுதான் நல்ல மெஷின். பெரிய எழுத்து சின்ன எழுத்தைவிடச் சற்று மேலே விழுகிறதா, அதற்குத் தனித் திருகு உண்டு.

பொம்மை மெஷின்களில் பெரும்பாலும் தகட்டுக் காதுகளை மடக்கித்தான் பாகங்களைச் சேர்த்திருப்பார்கள். ஒருமுறை நிமிர்த்தினால் இரண்டாம் முறை மடக்கும்போது உடையும். சரிசெய்யத் திருகே இருக்காது. பிளாஸ்டிக் நெம்புகோல் வளைந்துவிட்டால் வளைந்ததுதான். மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து ஓட வைத்தாலும் அடுத்த வாரம் அதே மெஷின் கவுண்டருக்குத் திரும்பி வரும், கூடவே கெட்ட பெயரும் வரும். ஆகவே அவர் அதை ஒதுக்கிவிட்டு அந்தப் பெண்ணை சுவிட்சர்லாந்தில் செய்த ஹெர்மஸ் 2000 மெஷின் முன்னால் உட்கார வைக்கிறார். இந்தக் காட்சி நிற்பதற்குக் காரணம், அவர் சொல்லும் ஒவ்வொரு தொழில் விவரமும் அந்தப் பெண்ணின் அப்போதைய வாழ்க்கைக்குள் நேராக விழுகிறது. அவள் ஓர் உறவு முறிந்து வந்திருப்பவள். கடைக்காரருக்கு அது தெரியாது, அவர் மெஷினைப் பற்றி மட்டுமே பேசுகிறார். ஹாங்க்ஸும் அதைத் தாண்டி ஒரு வார்த்தை விளக்காமல் இருந்திருக்கிறார், பாராட்ட வேண்டிய இடம்.

(லோயர் படித்த காலத்து மெஷின் எதையாவது இப்போது வாங்கப் போகிறீர்கள் என்றால்: கேரேஜை வலப்பக்கம் முழுக்கத் தள்ளிவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போங்கள். கடைசிவரை நகர்ந்தால் ஸ்பிரிங்கும் பட்டையும் நலம். ரோலரை நகத்தால் அழுத்துங்கள். கல்லாக இருந்தால் தாள் வழுக்கும், சத்தம் அதிகம், முற்றுப்புள்ளி தாளைத் துளைக்கும். டைப் பார்கள் ஒட்டினால் எண்ணெய் விடாதீர்கள், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். இரண்டு நாள் ஓடும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். மினரல் டர்பென்டைனைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு, டைப் பார்கள் செருகியிருக்கும் பள்ளங்களைத் தேய்த்தால் போதும். ரிப்பன் அரை அங்குலம்தான் பெரும்பாலானவற்றுக்கு, ஆனால் சுருள் அளவு மாறும். பழைய சுருள்களை எறியாமல் புது ரிப்பனை அதில் சுற்றிக்கொள்ளுங்கள்.)

அடுத்தது உங்கள் தொகுப்பு. ஒரே பொருளைத் தொடர்ந்து வைப்பது உத்திதான், உத்தி என்பதில் தவறில்லை. 17இல் 17 என்று சபதம் எடுத்ததுதான் ஹாங்க்ஸ் செய்த பிழை. ‘ஹூ இஸ் ஹூ’ கதையில் 1978இல் வாய்ப்புத் தேடி நியூ யார்க் வந்த நடிகைக்குத் தன்விவரத் தாள் டைப் செய்தாக வேண்டும். அங்கே மெஷின் இல்லாமல் கதை நகராது. கடைக் கதையில் மெஷினே கதை. வேறு சில கதைகளில் அது மேஜையில் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறது, யாரோ பார்க்கிறார்கள், போகிறார்கள். விளம்பரதாரர் காசு கொடுத்துப் படத்தில் குளிர்பானப் புட்டியைக் காட்டுவது போலத்தான். வாசகர் ஒருமுறை அதைக் கண்டுகொண்டார் என்றால் அப்புறம் உங்களைப் போலத் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஆகவே 10 கதைகளில் நான்கில் மட்டும் மெஷின் நடுவே இருக்கட்டும். மூன்றில் ஓரமாக ஒரு வேலை செய்யட்டும். மீதி மூன்றில் வராவிட்டால் குற்றமில்லை. உங்கள் மூன்று கதைகளையும் எடுத்து, தையல் மெஷின் என்று வரும் இடமெல்லாம் கிரைண்டர் என்று மாற்றிப் படியுங்கள். கதை கெடாமல் ஓடினால் நண்பர்கள் சொன்னது சரி.

பழுதாகும் இடங்களிலிருந்து யோசியுங்கள், நல்லது அங்கேதான் கிடக்கிறது. ஊசியின் தட்டைப் பக்கம் மாறிவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். தோல் பெல்ட் தளர்ந்தால் மிதி ஓடும், சக்கரம் வழுக்கும். அதை ஒரு விரற்கடை வெட்டி மறுபடி கம்பி மாட்ட வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டை இறக்கி வைத்தபடியே மேல் நூலைக் கோத்தால், நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராது. துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருளும். பார்க்கிறவர்கள் கீழேதானே கோளாறு என்று கீழ் நூல் இருக்கும் பாபின் கேஸின் சின்னத் திருகைத் திருகித் திருகி இரண்டு டென்ஷனையும் கெடுப்பார்கள். கோளாறு முழுக்க மேலே. மாமியார் மருமகள் கதை ஒன்று இதற்குள் இருக்கிறது, விளக்கம் ஏதும் எழுதாமல் எழுதினால். அரசு இலவசமாகக் கொடுத்த மெஷின், மோட்டார் மாட்டிய பிறகு சும்மாயிருக்கும் கால், இரவு நேரச் சத்தத்துக்குச் சண்டைக்கு வரும் மாடி வீட்டுக்காரர், இவையெல்லாம் ஓரக் கதைகளுக்குப் போதும்.

உங்கள் ரவிக்கைக் கதையை எடுத்துக்கொள்வோம். இப்போதைக்கு மெஷின் அங்கே அம்மாவின் உழைப்புக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். பாபினில் நூல் தீர்வது வெளியே தெரியாது. ஊசி அதே வேகத்தில் இறங்கி ஏறும், சத்தமும் மாறாது, ஆனால் துணியில் வெறும் துளைகள்தான் விழும். அரைத் தூக்கத்தில் இருப்பவள் ஒரு முழத் தையலை அப்படி ஓட்டிவிட முடியும். நடு இரவில் அம்மாவுக்கு அது நடக்கட்டும். வீட்டில் அதே நிறத்தில் மேல் நூல் மட்டும் கொஞ்சம் மிச்சம். பாபினுக்குச் சுற்ற வேறு நிறம்தான் இருக்கிறது, கடை திறக்க ஒன்பது மணியாகும், முகூர்த்தம் ஆறு மணிக்கு. வேறு நிறத்தைக் கீழே போட்டுத் தைத்தால் வெளிப்பக்கம் தெரியாது, ரவிக்கையின் உள்பக்கம் மட்டும் தெரியும். அதுவும் டென்ஷன் சரியாக இருக்கும் வரைதான். மேல் நூல் கொஞ்சம் இறுகிப்போனால் கீழ் நூல் புள்ளி புள்ளியாக வெளியே எழும்பும். அது எந்த இடத்தில், யார் கண்ணில் படுகிறது என்று முடிவு செய்துவிட்டு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.