எல்லையோரத்தில் பிறந்தவர் தமிழரா, மலையாளியா? யாராவது கேட்டால் என்ன சொல்வது?

வீட்டில் தமிழ், படித்தது கேரளாவில், ‘நீ தமிழனா மலையாளியா’ என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது, நான் யார் என்றே சந்தேகம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் இப்போதுதான் ஊரை விட்டு வெளியே போயிருப்பீர்கள். விடுதியாக இருக்கலாம், புது வேலையாக இருக்கலாம். ஊரிலேயே இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஊர். பத்தாவது வரை தமிழ் மீடியம். வீட்டில் கொங்குத் தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம். 2003-ல் பி.எட். படிக்கக் கோவைக்குப் போனேன். முதல் வாரம் மெஸ்ஸில் சாப்பிடும்போது காரம் தாங்காமல், “கொஞ்சம் வெள்ளம் எடுங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மேசையே சிரித்தது. “எங்கே, அணை உடைஞ்சிருச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து நான் ‘சேச்சி’, அதாவது மலையாளத்தில் அக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இதே என்னைத்தான் அதற்கு முன்பு பாலக்காட்டில் படித்தபோது ‘பாண்டி’ என்றார்கள். தமிழர்களை அங்கே கேலியாகச் சொல்வது அது.

மலையாளிகள் மேல் வன்மம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் பிரசவத்தின்போது ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர் பக்கத்து வீட்டு மலையாளி அண்ணன்தான். கோவைக்காரர்களையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் கல்வி உளவியல் வகுப்பில் மேடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு, ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இருபது பதில் எழுதச் சொன்னார். பன்னிரண்டு நிமிடம்தான். 1954-ல் குன், மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உண்டாக்கிய சோதனை அது. நான் எழுதியது இது: 1. நான் பாலக்காட்டுக்காரி. 2. நான் தமிழச்சி. 3. நான் மலையாளி இல்லை. மகள், அக்கா, நன்றாகப் பாடுவேன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பக்கத்தில் இருந்த பொள்ளாச்சிப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தேன். மூத்த மகள், கோபக்காரி, கணக்கில் கெட்டி என்று இருபதும் நிறைந்திருந்தது. ஊர் இல்லை, மொழி இல்லை. அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அதனால் அவளுக்கு எழுதத் தோன்றவும் இல்லை.

இதற்கு விளக்கம் இருக்கிறது. 1976-ல் வில்லியம் மெக்குவயர் என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்று வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றார்கள். வேறு ஊரில் பிறந்து அங்கே வந்த பிள்ளைகள்தான் பிறந்த ஊரை அதிகம் சொன்னார்கள். தலைமுடி நிறம் மற்றவர்களிடமிருந்து மாறியிருந்தவர்கள் முடியைச் சொன்னார்கள். சுற்றியிருப்பவர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறோமோ அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் பாடம் நடத்தும் பிள்ளைகளுக்கு இதே சோதனையைக் கொடுத்தபோது நானும் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி ‘நான் டீச்சர்’. இரண்டாவது ‘இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அம்மா’. தமிழ் பதின்மூன்றாவதில் வந்தது. மாநிலம் வரவே இல்லை. பதின்மூன்றாவதில் வந்ததால் தமிழ் எனக்குக் குறைந்துவிட்டதா? வகுப்பில் எல்லோரும் தமிழ்தான், அவ்வளவுதான் காரணம். நான் மனநல மருத்துவர் இல்லை, ஒரு டீச்சருக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘நான் யார்’ என்ற இந்தக் குழப்பத்துக்கு ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லைப் பிரபலமாக்கிய உளவியலாளர் எரிக் எரிக்சனும் இப்படி வளர்ந்தவர்தான். ஜெர்மனியில் யூதக் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் பொன்னிற முடி, நீலக் கண். யூதக் கோயில் பள்ளியில் ‘நீ யூதனே இல்லை’ என்று கேலி, வெளிப் பள்ளியில் ‘யூதன்’ என்று கேலி. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பிறந்தது பாலக்காட்டுச் சித்தூரில். அப்போது அது கொச்சி ராஜ்ஜியம். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-ல் கேரளம். வீடு மாறாமல் மூன்று ஆட்சி பார்த்தார். மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டுப் படையை விரட்டிய கதையின் விழா அது. கொங்குத் தமிழ் பேசும் அவர் எங்களைத் தோளில் தூக்கிப்போய்க் காட்டுவார். “நம்ம ஆளுகளைத்தான அப்புச்சி தொரத்தறாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “நம்ம ஊர் நோம்பி சாமி, பேசாமப் பாரு” என்றார்.

மனம் ஆறாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்தில் தமிழில் மனு கொடுத்தேன். வாங்காமல், மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. அதைச் சொன்னதற்கு, “டீச்சர் நன்றாக மலையாளம் பேசுகிறீர்களே, அப்புறம் என்ன?” என்றார்கள். பேசத் தெரிந்தால் உரிமை போய்விடுமா? மூன்று முறை நடந்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இருக்கும் இடத்தில் ஒரு தாளில் இருபது வரி எழுதி, தேதி போட்டு வையுங்கள். லீவுக்கு ஊருக்குப் போனதும் இன்னொன்று எழுதுங்கள். முதல் மூன்று வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கோவைத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. மை மங்கிவிட்டது. ஆனால் மூன்றாவது வரியில் பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்பது, தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் இப்போதும் தெரிகிறது.