லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வென்டிலேட்டர்: அளவா, அழுத்தமா?

கேள்வி: ஆத்தாவுக்கு வயது 62, உயரம் 150 செ.மீ., எடை 78 கிலோ. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்யப்போகிறார்கள். முழு மயக்கத்தில் மெஷின்தான் மூச்சு கொடுக்குமாம். அதில் வால்யூம் கன்ட்ரோல், பிரஷர் கன்ட்ரோல் என்று இரண்டு உண்டாமே, எது நல்லது?
– வாசகி, காரைக்குடி

பதில்: கருவிகள் புழங்க இடம் வேண்டி, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12–15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றுவார்கள். வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும்; நுரையீரல் விரிய இடம் குறையும். அந்த வாயு ரத்தத்திலும் கலப்பதால், மூச்சு வழியாக அதை வெளியேற்றியாகவும் வேண்டும்.

வால்யூம் கன்ட்ரோலில் ஒரு மூச்சுக்கு இத்தனை மில்லி என்று வைத்தால் மெஷின் அதைக் கொடுத்துவிடும். வயிறு இறுக இறுக அழுத்தம் ஏறும். பிரஷர் கன்ட்ரோலில் அழுத்தம் மாறாது, உச்ச அழுத்தமும் குறைவாகத் தெரியும். ஆனால் வாயு ஏற்றியதும் மூச்சின் அளவு சுருங்கிவிடும். கடைசியில் வாயுவை இறக்கியதும் அதே அழுத்தத்தில் அளவு எகிறும். கவனித்து மாற்றாவிட்டால் ஆபத்து இங்கேதான். அளவுக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்ளும் கலப்பு முறை புதிய மெஷின்களில் உண்டு, இருந்தால் வசதி.

உச்ச அழுத்தத்தை மட்டும் பார்த்து பிரஷர் கன்ட்ரோலே உசத்தி என்பது சரியல்ல. உச்ச அழுத்தத்தில் ஒரு பங்கு, மூச்சுக்குழலில் வைத்த டியூபின் தடையைத் தாண்டவே செலவாகிறது. நுரையீரலின் காற்றறைகளைத் தொடுவது, காற்றோட்டம் கணநேரம் நிற்கும்போது அளக்கும் பிளாட்டோ அழுத்தம். அது 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் நிற்க வேண்டும். நோயாளி தேறிவருவதில் இரண்டு முறைக்கும் தெளிவான வேறுபாடு இல்லை.

உங்கள் ஆத்தா விஷயத்தில் முறையைவிட அளவுதான் முக்கியம். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 150 செ.மீ. உயரப் பெண்ணுக்குக் உயரத்தை வைத்துக் கணக்கில் கொள்ளும் எடை சுமார் 43 கிலோ. கிலோவுக்கு 6–8 மில்லி என்றால் ஒரு மூச்சுக்கு 260–345 மில்லி. 78 கிலோவை 8ஆல் பெருக்கினால் 624 ஆகிவிடும், அது நுரையீரலைப் புண்படுத்தும் அளவு. வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு கூடினால், அளவைத் தொடாமல் நிமிடத்துக்கு 14 மூச்சை 16, 18 என்று உயர்த்தலாம். மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் சிறு அழுத்தமான பீப்பை (PEEP) 5 செ.மீ. நீரழுத்த அளவுக்கு வைப்பது அடிநுரையீரல் சுருங்காமல் இருக்க உதவும்.

அழுத்தம் திடீரென்று ஏறினால் டியூப் மடிந்ததா, சளி அடைத்ததா, வீசிங்கா என்று பார்ப்பார்கள். உதரவிதானம் ஏறும்போது மூச்சுக்குழல் பிரியும் இடமும் மேலே நகர்வதால், டியூப் நுனி வலதுபக்கக் கிளைக்குள் போய்விடுவதும் உண்டு. பித்தப்பைக்குத் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைப்பதால், தலையைத் தாழ்த்திச் செய்யும் கர்ப்பப்பை ஆபரேஷனைவிட நுரையீரலுக்குச் சிரமம் குறைவு.

ஆத்தாவுக்கு வீசிங்கோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டையோ இருந்தால், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.