கரண்ட் விட்டு விட்டு வந்தால் டாஸ்மோட்டா ஸ்விட்ச் எல்லாவற்றையும் மறப்பது ஏன்?

காட்பாடியில் மோட்டாரின் வைஃபை ஸ்விட்சுக்கு டாஸ்மோட்டா என்ற மென்பொருளை ஏற்றியிருக்கிறீர்கள். கோடை மழையன்று கரண்ட் வந்து வந்து போனதும் வைஃபை விவரம், ரூல் (ஸ்விட்ச் தானே இயங்க எழுதி வைக்கும் கட்டளை) எல்லாம் காணோம் என்கிறீர்கள். ஸ்விட்ச் கெடவில்லை. பத்து வினாடிக்குள் ஒரு முறை என, தொடர்ந்து ஆறு முறை கரண்ட் போய் ஏழாவது முறை நிலைத்தால், வேண்டுமென்றே ரீசெட் செய்கிறீர்கள் என்று டாஸ்மோட்டா எடுத்துக்கொள்ளும். எதற்கும் மசியாமல் சிக்கிக்கொண்ட கருவியை மீட்க வைத்த வழி அது. குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. இரண்டு நாள் ரூட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்.

இப்போது ஸ்விட்ச் 'டாஸ்மோட்டா' என்று தொடங்கும் பெயரில் தானே வைஃபை விடும். போனை அதில் இணைத்து 192.168.4.1 திறந்து வீட்டு வைஃபையைக் கொடுங்கள். பிறகு ஸ்விட்சின் வலைப்பக்கத்தில் கட்டளை அடிக்கும் இடமான கன்சோலில், ஆங்கில எழுத்தில் 'செட்ஆப்ஷன்65 1' (SetOption65 1) அடித்தால் இந்த ரீசெட் நின்றுவிடும். 'பவர்ஆன்ஸ்டேட் 0' (PowerOnState 0) கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கரண்ட் வந்ததும் தானே ஓடும், தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டாலும். ரூலைத் திரும்ப எழுதினால் மட்டும் போதாது, 'ரூல்1 1' (Rule1 1) என்று இயக்கவும் வேண்டும். நேரம் சரியாக இருக்க 'டைம்ஜோன் +5:30' (Timezone +5:30) அடியுங்கள்.

முடிந்ததும் கான்ஃபிகரேஷன் பேக்கப் ஒன்று எடுத்து வையுங்கள். மோட்டாரை ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன ரிலேயில் நேராக மாட்டியிருந்தால், எலக்ட்ரீஷியனை வைத்து நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) போடுங்கள்.