சகாரா மலைக்கு ஜீப் டூர்: பாதி பணம் அனுப்புறதுக்கு முன்னாடி என்னெல்லாம் கேக்கணும்?

கேள்வி: வணக்கம். சகாராவுல சாட் நாட்டுப் பக்கம் கைடோட ஜீப்ல போற டூர் ஒண்ணு புக் பண்ணலாம்னு இருக்கேன். ரெண்டு கம்பெனி கொட்டேஷன் குடுத்திருக்காங்க. ஒருத்தர் என்னெடி மலையும் ஊனியாங்கா ஏரிகளும் மட்டும், இன்னொருத்தர் அதோட திபெஸ்தி மலையும் சேர்த்துட்டு கொஞ்சம்தான் அதிகம் கேக்குறார். ரெண்டு பேருமே பாதி பணம் இப்பவே அனுப்புங்கன்றாங்க. எதை எடுக்கலாம்? இந்தியாவுல இருந்து கிளம்பும்போது வேற எதாவது பாக்கணுமா?

பதில்: அந்த "கொஞ்சம்தான் அதிகம்"னு சொல்றதுதான் எனக்கு இடிக்குது. திபெஸ்தி பக்கத்துல இருக்குற இடம் இல்லங்க, அதை சேர்த்தா நாளும் கூடும், டீசலும் கூடும், பர்மிஷனும் கூடும், அப்படி இருக்க ரேட் மட்டும் ஏறலன்னா எங்கயோ வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம், பெரும்பாலும் ரெண்டாவது வண்டியிலதான் வெட்டுவாங்க. அதனால மொத கேள்வியா எத்தனை வண்டி, ஒரு வண்டியில எத்தனை பேர்னு கேளுங்க. நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில போறதுன்னா எவ்ளோ சீப்பா இருந்தாலும் வேணாம். தலைநகர் என்ஜமேனாவுல இருந்து என்னெடி போகவே ரெண்டு மூணு நாள் ஆகும், பாதிக்கு மேல மணல் தடம்தான். ஃபெஷ் ஃபெஷ்னு சொல்ற மண்ணு மேல பாக்க கெட்டியா தெரியும், வண்டி ஏறினதும் மாவு மாதிரி உள்ள வாங்கிடும். டயர்ல காத்த எறக்கி, சக்கரத்துக்கு முன்னாடி தோண்டி, இரும்புத் தட்டு போட்டு ஏத்துவாங்க, அதுக்கும் மசியலன்னா இன்னொரு வண்டி கட்டி இழுத்தாதான் உண்டு. ஆக்ஸில் போச்சுன்னா கேக்கவே வேணாம்.

என்னோட ஓட்டு என்னெடி, ஊனியாங்காவுக்குத்தான். ரெண்டுமே யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, ஊனியாங்கா 2012ல, என்னெடி 2016ல. என்னெடியில கெல்ட்டா தார்ஷேன்னு ஒரு பள்ளத்தாக்கு, செங்குத்தா பாறை, நடுவுல தண்ணி, ஒட்டகங்க கூட்டங்கூட்டமா வந்து குடிக்கும், அதுங்க கத்துறது பாறையில மோதி திரும்பத் திரும்ப கேக்கும், சாணத்தால தண்ணியே கறுப்பா கெடக்கும், அதே தண்ணியிலதான் மிச்சம் மீதி சகாரா முதலைங்களும் இருக்கு. இதுக்கு மேல ஒரு தடவைக்கு என்ன வேணும்!

திபெஸ்தி அழகு இல்லன்னு சொல்லல, சகாராவோட உச்சியான எமி கூஸி அங்கதான் இருக்கு, 3,400 மீட்டருக்கு மேல. ஆனா லிபியாவோட சாட் போட்ட சண்டைக் காலத்து கண்ணிவெடி இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு, அதோட தங்கம் தோண்டுறவங்க மோதலும் சேர்ந்துடுச்சு. 2021ல ஜனாதிபதி இத்ரிஸ் தெபி செத்ததுக்குக் காரணமான கிளர்ச்சிக்காரங்க வடக்கு எல்லை வழியாதான் எறங்கினாங்க. அந்தப் பக்கம் நெலமை எப்ப மாறும்னு சொல்ல முடியாது, அதனால ரூட்டை மூடிட்டா பணம் திரும்ப வருமா, இல்ல வேற இடத்த காட்டி முடிச்சுடுவாங்களான்னு எழுத்துல வாங்குங்க. "சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி ரூட் மாறலாம்"னு ஒத்த வரி போட்டிருந்தா அது அவங்களுக்கு மட்டும்தான் சாதகம்.

ஊனியாங்கா பக்கமும் முழுசா சுத்தம்னு நெனைக்காதீங்க. ஃபாயாங்குற வடக்கு ஊர்ல இருந்து போற வழியில வாதி தூம்னு பழைய விமானத் தளம் வரும், 1987ல சாட் படை லிபியாகிட்ட இருந்து புடிச்சது, சுத்தியும் கண்ணிவெடி. டிரைவர் ஓட்டுற தடத்த விட்டு போட்டோ எடுக்கக்கூட எறங்கக் கூடாது. இதனாலதான் நான் ரெண்டாவதா கேக்கச் சொல்றது, உங்ககிட்ட காசு வாங்குறவர் யாரோ, அங்க வண்டி ஓட்டுறது யாரு? ஐரோப்பாவுல இருந்து விக்குறவங்க நெறைய பேர் என்ஜமேனா கம்பெனி ஒண்ணோட டூரைத்தான் தன் பேர்ல விக்குறாங்க. அது தப்பில்ல, ஆனா அந்த லோக்கல் கம்பெனி பேரை சொல்ல மறுத்தா அட்வான்ஸ் அனுப்பாதீங்க.

இன்சூரன்ஸ் ரொம்ப முக்கியம். போகாதீங்கன்னு அரசாங்கங்க எச்சரிக்கை விட்ட ஏரியான்னா நெறைய பாலிசி கிளெய்ம் குடுக்காது. ஏஜெண்ட் வாய்ல சொல்றத நம்பாம, சாட், ஃபடா (என்னெடி பக்கத்து ஊர்), ஊனியாங்கான்னு ஊர் பேரோட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு, அங்க இருந்து தனி விமானத்துல தூக்கிட்டு வர்ற செலவு கவர் ஆகுமான்னு பதில் வாங்கி வைங்க. பதில் வர்றதுக்கு முன்னாடி பாதி பணம் கட்டவே கட்டாதீங்க.

தண்ணிக்கு, குடிக்க மட்டும் ஒரு ஆளுக்கு தினம் 4, 5 லிட்டர்னு கணக்கு வச்சு கேளுங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, ராத்திரி நல்லா குளிரும், ஸ்லீப்பிங் பேக் அவங்க குடுக்குறாங்களான்னும் கேட்டுக்கங்க.

இங்க இருந்து கிளம்ப ரெண்டு விஷயம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிளம்புறதுக்கு 10 நாளைக்கு முன்னாடியாவது போட்டிருக்கணும், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, சர்டிஃபிகேட் இல்லாம திரும்பி வந்தா ஏர்போர்ட்லயே தனியா உக்கார வச்சுடுவாங்க. அப்புறம் பாதுகாப்புக்குன்னு சாட்டிலைட் போனோ, மெசேஜ் அனுப்புற சாட்டிலைட் கருவியோ ஆன்லைன்ல வாங்கி பையில போட்டுடாதீங்க, அனுமதி இல்லாம இந்தியாவுல வச்சிருக்குறதே குற்றம், ஏர்போர்ட்ல புடிச்சு கேஸ் போட்டிருக்காங்க. டூர் கம்பெனியோட போன் ஒண்ணு வண்டியில இருக்கணும்னு கொட்டேஷன்லயே எழுதச் சொல்லுங்க, அந்த நம்பரை வாங்கி வீட்ல குடுத்துட்டு போங்க.