சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் ஆடுது, ஏசி போட்டா அணையுது

ஸ்பார்க் பிளக்கை மாத்தலாமான்னு கேட்டீங்க. பிளக்கை விடுங்க, முதல்ல த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) திறந்து பாருங்க. தண்டையார்பேட்டை சிக்னல்ல ஆர்பிஎம் முள்ளு 600க்கும் 1,100க்கும் ஆடுது, ஓட்டத்துல இழுவை சரியா இருக்குன்னு சொல்றீங்க. பிளக் போயிருந்தா ஓட்டத்துலயும் இடிச்சுக் காட்டியிருக்கும்.

அதுக்குள்ள இருக்கிற பட்டாம்பூச்சி வால்வோட (திறந்து மூடுற வட்டத் தகடு) விளிம்புல கறுப்பா கரி படிஞ்சிருக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில்ல ஐடிலுக்கு (வண்டி நிக்கும்போது இன்ஜின் மெதுவா ஓடுறதுக்கு) காத்து போறதே அந்த மெல்லிய இடுக்கு வழியாத்தான். ஏசி கம்ப்ரசர் சுமை ஏறினதும் காத்து பத்தாம வண்டி அணையுது.

1. பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. த்ராட்டில் க்ளீனரைத் துணியில அடிச்சுத் துடைங்க, உள்ளே பீய்ச்ச வேணாம். வால்வை வேகமா தள்ளினா உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் போயிடும்.

2. மாட்டினதும் ஏசி, லைட் போடாம, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுத்தி நிக்கிற வரை ஐடில்ல விடுங்க. அப்புறம் ஏசி போட்டு 5 நிமிஷம். ஆரம்பத்துல ஆர்பிஎம் தூக்கலா இருக்கும், பயப்படாதீங்க. சில மாடலுக்கு ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) வச்சுத்தான் கம்ப்யூட்டருக்கு ஐடிலைப் பழக்கணும்.

அப்பவும் ஆடினா, வண்டி ஓடிட்டிருக்கும்போது பிசிவி ஹோஸை (இன்ஜினுக்குள்ள சேர்ற புகையைத் திரும்ப எரிக்க இழுத்துட்டுப் போற ரப்பர் குழாய்) இடுக்கியால லேசா அமுக்குங்க. முள்ளு ஆடாம நின்னுட்டா பிசிவி வால்வு கெட்டிருக்கும், இல்லைன்னா ஹோஸ் வெடிச்சிருக்கும். ஹோஸோட 90 டிகிரி வளைவோட அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க, பெரும்பாலும் அங்கதான் கீறல் விடும்.

எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி பின்னாடி தினம் தூசியில போறவர்னா ஏர் ஃபில்டரையும் தட்டிப் பாருங்க.

செக் இன்ஜின் லைட் எரிஞ்சா இதெல்லாம் அப்புறம். பேட்டரியைக் கழட்டினா வண்டி கம்ப்யூட்டர் பதிவு பண்ணின எரர் கோட் அழிஞ்சிடலாம், முன்னாடியே ஸ்கேன் பண்ணுங்க. பி0171 (கலவையில காத்து அதிகம், பெட்ரோல் குறைவுங்கிற கோட்) வந்தா காத்துக் கசிவைத்தான் முதல்ல தேடணும்.