லேப்டாப் கீபோர்டில் டைப் செய்யும் சுகத்தைக் கூட்ட முடியுமா?

பெரும்பாலான லேப்டாப்களில் வழி குறைவு. சாவிக்கு அடியில் இருப்பது ஒரு ரப்பர் குமிழும் கத்தரிக்கோல் வடிவ பிளாஸ்டிக் தாங்கியும்தான். அதைக் கழற்றிச் சீரமைக்கப் போனால் கொக்கி உடைவதுதான் மிச்சம். ஆனால் உங்களிடம் இருப்பது லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்230 அல்லது டி430 என்றால் கதை வேறு.

2012இல் வந்த இந்த மாடல்களில் தனித்தனித் தீவு போன்ற சாவிகள் இருக்கும். முந்தைய ஆண்டு வந்த எக்ஸ்220, டி420இன் ஏழு வரிசை பழைய கீபோர்டை இதில் பொருத்தலாம். சாவியின் குழிந்த மேற்பரப்பும் அழுத்தும் ஆழமும் அதில் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. பழைய கீபோர்டுச் சட்டத்தின் கீழ்விளிம்பில் இடிக்கும் துருத்தல்களை அரத்தால் தேய்க்க வேண்டும். கனெக்டரில் சாவிகளின் பின்விளக்குக்கு மின்சாரம் தரும் முனையை டேப் ஒட்டி மறைப்பது முக்கியம். விட்டால் ஷார்ட் ஆகலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டே தொடுங்கள். எழுத்துகள் உடனே வேலை செய்யும், ஆனால் சில சாவிகளும் எஃப்என் சேர்க்கைகளும் இடம் மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய, கீபோர்டைக் கவனிக்கும் உள்கட்டுப்பாட்டுச் சில்லின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, திருத்தி ஏற்ற வேண்டும். லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதிய பதிப்புகள் இதைத் தடுக்கும் என்பதால் முதலில் பதிப்பைப் பாருங்கள். பின்விளக்கு போய்விடும், திரைக்கு மேலுள்ள குட்டி விளக்கு இருக்கிறதே, போதாதா?

இவ்வளவு வேண்டாம் என்றால், தட்டும்போது கீபோர்டு நடுவில் அமுங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதைக் கழற்றி, வெற்றிடம் உள்ள இடங்களில் மட்டும் மெல்லிய இருபக்க டேப் ஒட்டுங்கள். காற்று போகும் வழியை அடைக்காதீர்கள்.