இணை உலகத்துல மாட்டிக்கிட்ட பசங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே டாபிக்தான். ஸ்கூல் படிக்கிற பசங்க நாலஞ்சு பேர் இன்னொரு உலகத்துல போய் மாட்டிக்கிற அட்வென்ச்சர் கதை. எழுதறவங்களும் கேட்டிருக்காங்க, படிக்கறவங்களும் கேட்டிருக்காங்க, ஒரு அம்மா கவலைப்பட்டு கேட்டிருக்காங்க. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: சார், இணை உலகம்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா, இல்ல கதை விடறதுக்கு வசதியா இருக்குன்னு கண்டுபிடிச்சதா?

கதைக்காரங்க ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க தம்பி, ஆனா பிசிக்ஸ்ல இது சீரியஸா உள்ள வந்தது 1957ல, பிரின்ஸ்டன்ல பிஎச்டி பண்ணிட்டிருந்த ஹ்யூ எவரெட்ங்கற 26 வயசு ஆள் மூலமா. குவாண்டம் கணக்குப்படி ஒரு துகள் ஒரே நேரத்துல பல நிலையில இருக்கு, ஆனா நாம அளந்து பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் கைக்கு வருது, அப்ப மிச்சமெல்லாம் எங்க போச்சு? எங்கயும் போகல, எல்லாமே நடக்குது, பாக்கற நாமளும் கூடவே கிளை பிரிஞ்சிடறோம், அதனால நமக்கு ஒண்ணு மட்டும்தான் தெரியுதுன்னார் எவரெட். அப்ப பெரிசா யாரும் கண்டுக்கல, அவரும் யுனிவர்சிட்டி பக்கம் வராம பென்டகன் வேலைக்கு போயிட்டார். 1970ல பிரைஸ் டிவிட்ங்கற இன்னொரு பிசிக்ஸ்காரர் ஒரு கட்டுரை எழுதினதுக்கு அப்புறம்தான் இது பரவலா பேச்சாச்சு. இன்னைக்கும் இதை நம்பற விஞ்ஞானியும் உண்டு, அடிச்சு மறுக்கறவங்களும் உண்டு.

ஒரு சிக்கல் என்னன்னா, அந்த கணக்குப்படியே பாத்தாலும் ஒரு தடவை பிரிஞ்ச கிளைக்கும் இந்த கிளைக்கும் போக்குவரத்தே கிடையாது. கதையில வர்ற கதவு எவரெட் குடுத்தது இல்ல, எழுதறவர் விடற பொய். விட்டுட்டு போகட்டும், கதைன்னா ஒரு பொய்க்கு உரிமை இருக்கு.

கேள்வி: என் கதையில 4 பேர் லேப்ல ஒரு மெஷினை ஆன் பண்ணி வேற உலகத்துக்கு போயிடறாங்க. மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு 6 பக்கம் எழுதியிருக்கேன். போதுமா அண்ணா?

6 வரியாக்குங்க. விளக்க விளக்க பொய் பெரிசா தெரியும். 1988ல கிப் தோர்ன், மைக்கேல் மோரிஸ்னு ரெண்டு பிசிக்ஸ்காரங்க மனுஷன் உள்ள நுழைஞ்சு வெளிய வர்ற மாதிரி ஒரு வார்ம்ஹோல், அதாவது தூரமா இருக்கற ரெண்டு இடத்தை குறுக்கால இணைக்கற சுரங்கம் மாதிரி ஒண்ணுக்கு, கணக்கு போட்டு காட்டினாங்க, அதுக்கே வாய் மூடிக்காம பிடிச்சு வைக்க நெகட்டிவ் எனர்ஜி இருக்கற ஏதோ ஒரு விசித்திர பொருள் வேணும்னு ஆச்சு, அப்படி ஒண்ணை மூட்டை கணக்குல யாரும் பாத்ததில்ல. அவ்வளவு பெரிய ஆளுங்களே அங்க நின்னுட்டாங்க, உங்க ஸ்கூல் லேப் எம்மாத்திரம்.

கதவு முக்கியமே இல்லைங்க. அந்த பக்கம் இருக்கற உலகத்துல எது ஒண்ணு மாறியிருக்கு, அதுக்கு இந்த பசங்க உடம்பால என்ன விலை குடுக்கறாங்க, அதுதான் கதை. ஒண்ணே ஒண்ணை மாத்துங்க, மாத்தினதுக்கு கடைசி வரைக்கும் கணக்கு சொல்லுங்க. அந்த 6 பக்கத்தையும் அதுக்கு குடுங்க.

கேள்வி: அங்க போய் விழுந்ததும் அது வேற உலகம்னு பசங்க எப்படி கண்டுபிடிப்பாங்க? வானத்துல ரெண்டு நிலா வைக்கட்டுமா?

ரெண்டு நிலாவை எல்லாரும் வெச்சாச்சு. கையில போன் இருக்கும்ல, அதை யூஸ் பண்ணுங்க. நிறைய பேர் "டவர் இல்ல"ன்னு ஒரு வரி எழுதி போனை பைக்குள்ள போட்டுடறாங்க, எனக்கு பத்திக்கிட்டு வரும். டவர் இல்லைன்னா போன் செத்துப்போகல. ஜிபிஎஸ்க்கு டவரே வேண்டாம், மேல 20,000 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற சாட்டிலைட் சிக்னல் நேரா வருது. நெட் உதவி இல்லாம முதல் தடவை பிடிக்கறதுக்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். ஒரு பொண்ணு திறந்த வெளியில போனை தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கறா, பேட்டரி 41 சதவீதம், மத்தவங்க மூணு பேரும் அவ மூஞ்சியையே பாக்கறாங்க, அஞ்சு நிமிஷம் ஆச்சு பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, ஒரு சாட்டிலைட் கூட இல்ல. அதாவது மேல யாரும் எதையும் அனுப்பவே இல்ல. ரெண்டு நிலாவை விட இது பயமா இருக்கா இல்லையா?

அடுத்தது புவியீர்ப்பு. ஒரு மீட்டர் கயித்துல கல்லை கட்டி ஆட்டி விட்டா போயிட்டு வர 2 செகண்டு பக்கம் ஆகும், 10 ஆட்டத்துக்கு 20. ஈர்ப்பு 10 சதவீதம் கம்மின்னா அது 21 ஆயிடும், போன் ஸ்டாப்வாட்ச்லயே தெரிஞ்சிடும். மீட்டர் அளக்க ஸ்கேல் இல்லைன்னா தன் உயரம் தெரிஞ்ச ஒருத்தர் கூட்டத்துல இருந்தா போதும். போன் காம்பஸும் நெட் இல்லாம ஓடும். காலையில சூரியன் உதிக்கற பக்கம் மேற்குன்னு காட்டினா காம்பஸ் ரிப்பேர்னு முதல்ல ஒருத்தன் சொல்லணும், அப்புறம்தான் இன்னொருத்தி சொல்லணும் பூமியோட காந்தப்புலம் இதுக்கு முன்னாடி பல தடவை தலைகீழா புரண்டிருக்கு, கடைசியா புரண்டு சுமார் 7,80,000 வருஷம் ஆச்சு, இந்த உலகத்துல அது புரளாமயே விட்டுடுச்சோன்னு.

ராத்திரி துருவ நட்சத்திரம் அதே இடத்துல இருக்கான்னு பாக்க சொல்லுங்க. இல்லைன்னா அது இணை உலகமே இல்லாம இருக்கலாம், நம்ம உலகத்தோட வேற காலமா இருக்கலாம், ஏன்னா பூமியோட அச்சு சுமார் 26,000 வருஷத்துக்கு ஒரு சுத்து தலை ஆட்டுது, அதுக்கேத்த மாதிரி துருவ நட்சத்திரமும் மாறும். பாதி கதையில வைக்க நல்ல ட்விஸ்ட், யாராவது எடுத்துக்கோங்க.

கேள்வி: ஆன்ட்டிமேட்டர் உலகத்துக்கு போனா?

கதை முதல் வரியிலயே முடிஞ்சிடும். ஆன்ட்டிமேட்டர்ங்கறது நம்ம பொருளுக்கு நேர் எதிர் ஜாதி, ரெண்டும் தொட்டுக்கிட்டா ரெண்டுமே அழிஞ்சு எனர்ஜியாயிடும். 50 கிலோ பையன் முழுசா அழிஞ்சா வர்ற எனர்ஜி, 1961ல சோவியத் வெடிச்ச சார் பாம்பா இருக்குல்ல, மனுஷன் வெடிச்சதிலேயே பெரிய குண்டு, அதை விட 40 மடங்குக்கு மேல.

கேள்வி: அந்த உலகத்துல விளையற பழத்தை சாப்பிடலாமா? எல்லா கதையிலயும் பசங்க போனதும் பறிச்சு சாப்பிடறாங்களே.

சூப்பர் கேள்வி, இதை வெச்சே முழு நாவல் எழுதலாம்.

நம்ம உடம்புல இருக்கற நிறைய மாலிக்யூலுக்கு இடது கை வலது கை மாதிரி ரெண்டு வடிவம் உண்டு. 1848ல லூயி பாஸ்டர் டார்ட்டாரிக் அமில உப்பு படிகத்தை லென்ஸ் வெச்சு பாத்து, இடது தனியா வலது தனியா கையாலயே பொறுக்கி பிரிச்சார், அப்ப அவருக்கு 25 வயசு. பூமியில உயிர்கள் புரோட்டீன் கட்டறதுக்கு எடுத்துக்கற அமினோ அமிலம் இடது கை, சர்க்கரை வலது கை. ஏன் இப்படி அமைஞ்சதுன்னு இன்னும் சண்டை ஓடிட்டிருக்கு. மாத்தி அமைஞ்சிருந்தாலும் எல்லாம் அதே மாதிரி ஓடியிருக்கும்.

இப்ப உங்க பசங்க அப்படி மாத்தி அமைஞ்ச உலகத்துல விழுந்துட்டாங்கன்னு வைங்க. மரம் பச்சையா இருக்கு, பழம் தொங்குது, கடிச்சா இனிக்குது. நிஜமாவே இனிக்கும், இடது கை குளுக்கோஸ் நாக்குக்கு இனிப்புதான். ஆனா உடம்பால அதை எரிக்க முடியாது. வயிறு ரொம்ப சாப்பிட்டுட்டே பட்டினியா மெலியறாங்க, முதல் ரெண்டு மூணு நாள் அலைச்சல்னு நினைக்கறாங்க, அப்புறம் ஒருத்தனுக்கு படி ஏற முடியல. அதை ஒரு வில்லனும் செய்யல பாருங்க.

க்ளூ முன்னாடியே வைக்கலாம், வாசனையில. கார்வோன்னு ஒரு பொருள், ஒரு கை வடிவத்துல புதினா ஜாதி வாசனை அடிக்கும், மறு கை வடிவத்துல கேரவேங்கற மசாலா விதை வாசனை. புதினா மாதிரி செடியை கசக்கி மோந்து பாத்த பொண்ணு மூஞ்சியை சுளிச்சு "இது தப்பா இருக்கு"ன்னு சொல்றதை முதல் அத்தியாயத்துலயே போட்டுட்டு மறந்த மாதிரி நகர்ந்துடுங்க. அங்க இருக்கற கிருமி நம்மளை ஒண்ணும் பண்ணாதுன்னும் நினைக்காதீங்க. இப்படி கண்ணாடி பிம்ப பாக்டீரியாவை லேப்ல செய்ய வேண்டாம், நோய் எதிர்ப்பு சக்தி கண்ணுக்கு மாட்டாம தப்பிச்சிடலாம்னு 2024 டிசம்பர்ல 38 விஞ்ஞானிகள் சயின்ஸ் இதழ்ல எச்சரிச்சு எழுதினாங்க.

கேள்வி: வரலாறு மாறின உலகம்தான் எனக்கு பிடிக்கும். எந்த இடத்துல மாத்தலாம்? உலகப்போர்ல யார் ஜெயிச்சாங்கன்னு மாத்தட்டுமா?

அதை மாத்தி மாத்தி தேஞ்சு போச்சு. சத்தம் போடாத இடமா பாருங்க. 1962 அக்டோபர் 27, கியூபா பக்கத்துல கடலுக்கு அடியில சோவியத் நீர்மூழ்கி பி-59, அணு டார்பிடோவை ஏவ கேப்டன் கோவத்துல ரெடி, வசிலி ஆர்க்கிபோவ்னு ஒரு அதிகாரி ஒத்துக்கல. அவர் மட்டும் அன்னைக்கு வேற கப்பல்ல இருந்திருந்தா? இது ஒரு வழி.

எனக்கு இதை விட பிடிச்சது பெரியம்மை. இயற்கையா பரவின கடைசி கேஸ் 1977ல சோமாலியாவுல, 1980ல ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. பனிப்போர் நடுவுலயும் அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து வேலை பாத்ததாலதான் அது நடந்தது. அவங்க சேரலைன்னு ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. கட்டடம், வண்டி, டிரஸ் எல்லாம் நம்மளை மாதிரியே இருக்கற ஊர், ஆனா எல்லாரும் மேல் கை தெரியற மாதிரி சட்டை போடறாங்க. ஏன்னு பசங்களுக்கு புரியல. ஒரு செக்போஸ்ட்ல கையை காட்ட சொல்றாங்க, பெரியம்மை ஊசி தழும்பு இருக்கறவன் உள்ள, இல்லாதவன் வெளிய. ஒருத்தனுக்கு பிறந்தப்ப போட்ட பிசிஜி ஊசி தழும்பு இருக்கு, பாக்க கிட்டத்தட்ட அதே மாதிரி, அதனால அவனை உள்ள விட்டுடறாங்க. அது காசநோய் தடுப்பூசி, பெரியம்மைக்கு காப்பாத்தாது, அது அவனுக்கே தெரியாது. பத்துல மூணு பேர் சாகற நோய். தொற்றின நாள்ல இருந்து நாலு நாளைக்குள்ள ஊசி போட்டா தப்பிக்க வாய்ப்பு உண்டு, வெளிய நிக்கற பொண்ணுக்கு விஷயம் புரியறப்ப ரெண்டு நாள் போயிடுச்சு. அட்வென்ச்சர் கேட்டீங்கல்ல, இதுதான்.

கேள்வி: அந்த உலகத்துல ஹீரோவோட டபுள் ஆக்ட் வைக்கலாமா?

வரலாறு எப்ப பிரிஞ்சதுன்னு பாத்துட்டு வைங்க. ஒவ்வொருத்தரும் உருவாகறப்ப கோடிக்கணக்குல போட்டி போட்டு ஒண்ணு முந்துது, அப்பா ஒரு நிமிஷம் லேட்டா வீட்டுக்கு வந்திருந்தாலே வேற பிள்ளைதான். 200 வருஷம் முன்னாடி பிரிஞ்ச உலகத்துல அதே மூஞ்சி அதே பேர்ல ஒருத்தன் நின்னா அது அழுகுணி ஆட்டம். ஹீரோ பிறந்ததுக்கு அப்புறம் பிரிஞ்சதுன்னா தாராளமா வைங்க, அங்க இருக்கறவனுக்கு அம்மா உயிரோட இருக்காங்க இங்க இருக்கறவனுக்கு இல்ல, அது போதும், சண்டை தானா வரும்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. பாடப்புத்தகத்தை தொடாம இந்த மாதிரி கதையாவே படிக்கறான். நிஜத்துல இருந்து ஓடி ஒளியறானோன்னு பயமா இருக்கு.

அம்மா, இந்த கதைங்கள்ல பசங்க ஓடறது வீட்டை பாத்துதான். முழுக்க முழுக்க திரும்பி வர வழி தேடறாங்க. பெரியவங்க யாரும் கூட இல்ல, அதனால தண்ணி எங்க எடுக்கறது, யாரை நம்பறது, அடிபட்டவனை விட்டுட்டு போறதா வேண்டாமான்னு அவங்களே முடிவெடுக்கணும், அந்த வயசுல அதுக்குத்தான் மனசு அடிச்சுக்குது. பாடப்புத்தகம் விஷயம் தனி, அதுக்கு கதையை குத்தம் சொல்லாதீங்க. அவன் படிக்கறதுல ஒண்ணை நீங்களும் எடுத்து படிச்சுட்டு, "நீயா இருந்தா யாரை விட்டுட்டு போயிருப்ப?"ன்னு கேட்டு பாருங்க. பேசுவான்.

கேள்வி: வில்லன் இல்லாம கதை ஓடுமா?

நாலு பேர்ல ஒரு பொண்ணுக்கு டைப் 1 சுகர், இன்சுலின் போடலைன்னா உயிருக்கே ஆபத்து, பையில ஒரு பாட்டில் இன்சுலின், திறந்தாச்சு, ஃப்ரிட்ஜ் இல்லாம 28 நாள் தாங்கும். உலகம் 1921க்கு முன்னாடி பிரிஞ்சது, அங்க இன்சுலின் கண்டுபிடிக்கவே இல்ல. நம்ம உலகத்துல டொராண்டோவில 1922 ஜனவரி 11 அன்னைக்கு 14 வயசு பையனுக்குத்தான் முதல் ஊசி போட்டாங்க, சரியா சுத்தம் பண்ணாத மருந்து, எடுபடல, அலர்ஜி வேற. 12 நாள் கழிச்சு நல்லா சுத்தம் பண்ணினதை போட்டப்ப சுகர் இறங்கிச்சு. மாட்டோட கணையத்துல இருந்து எடுக்க முடியும்னு உங்க பசங்களுக்கு தெரியும், எப்படின்னு முழுசா தெரியாது, அரைகுறையா செஞ்சா என்ன ஆகும்னும் தெரியும். இதுக்கு மேல கறுப்பு கோட்டு போட்ட வில்லன் எதுக்குங்க?

கேள்வி: அங்க 3 வருஷம் ஆனா இங்க 3 நிமிஷம்தான்னு வைக்கலாமா?

வைக்கலாம். நேரம் இடத்துக்கு இடம் வேற வேகத்துல ஓடறது நிஜம்தான், ஜிபிஎஸ் சாட்டிலைட் கடிகாரமே தரையில இருக்கறதை விட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்டு முந்துது, அதை கணக்குல எடுத்துதான் மேப் காட்டுது. உங்களுக்கு வேண்டிய வித்தியாசம் ரொம்ப ஜாஸ்தி, ஆனா நீங்கதான் ஒரு பொய்க்கு ஏற்கனவே டிக்கெட் வாங்கிட்டீங்களே, இதையும் அதுலயே ஏத்திக்கோங்க. உடம்பை மட்டும் மறந்துடாதீங்க. 13 வயசுல போனவன் 16ல வர்றான், வளர்ற ஸ்பீடு உச்சத்துல ஒரு வருஷத்துக்கு 9 சென்டிமீட்டர் வரை வரும், குரல் உடைஞ்சிருக்கும், பல்லுல போட்ட கம்பியை 3 வருஷமா யாரும் சரி பண்ணல. 3 நிமிஷத்துல இதெல்லாம் எப்படி ஆச்சுன்னு வீட்டுல கேப்பாங்கல்ல, அதுக்கு ஒரு அத்தியாயம் எழுதுங்க, பாதி பேர் அதை எழுதாம பசங்க கட்டிப்பிடிச்சு அழறதோட முடிச்சிடறாங்க.

கேள்வி: லவ் வைக்கலாமா சார்?

தண்ணி கிடைச்சதுக்கு அப்புறம்.

கேள்வி: கடைசியில எல்லாம் கனவுன்னு முடிச்சா எப்படி இருக்கும்?

இடது கை பழத்தை தின்னு எலும்பா போனவளை, தழும்பை காட்டி உள்ள போய் மாட்டிக்கிட்டவனை 200 பக்கம் நம்ப வெச்சுட்டு கனவுன்னு சொன்னீங்கன்னா வாசகர்கிட்ட இருந்து லெட்டர் உங்களுக்கு வராது, எனக்குத்தான் வரும். வேண்டாம்ப்பா.